பத்து பதினாலானால் பயம் வந்துடுமா?

ஒரு சட்டத்தில் ரொம்ப சுலபமாகத் திருத்தக்கூடிய விஷயம் எது தெரியுமா மக்களே? நம்பர்.

"பத்தாண்டுகளுக்குக் குறையாத" என்று இருக்கிற இடத்தில் "பதினான்கு ஆண்டுகளுக்குக் குறையாத" என்று போட்டால் வேலை முடிந்தது. புதுசா ஆள் எடுக்க வேண்டாம், கட்டடம் கட்ட வேண்டாம், பட்ஜெட்டில் பத்து பைசா ஒதுக்க வேண்டாம். மறுநாள் காலையில் எல்லாப் பேப்பரிலும் "கடும் தண்டனை" என்று கொட்டை எழுத்தில் வந்துவிடும். பொட்டி தட்டுகிற எங்கள் பிழைப்பில் இதுக்குப் பேர் கான்ஃபிக் மாத்துறது. ப்ரோகிராமைத் தொடாமல், ஒரு ஃபைலில் இருக்கிற எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, "பிரச்சினை சரி பண்ணியாச்சு" என்று கிளையண்ட்டுக்கு மெயில் தட்டுவது.

நான் சொல்ல வருவது 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறின இரண்டு மசோதாக்களைப் பத்தி. ஒன்று, பாரதிய நியாய சன்ஹிதாவுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம். இன்னொன்று, நம்ம மாநிலத்தின் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்துக்குத் திருத்தம். முதல்வர் ஸ்டாலின் ஜனவரி 10ஆம் தேதி தாக்கல் செய்தார். 11ஆம் தேதி நிறைவேறிவிட்டது. எதிர்த்து ஒரு ஓட்டு இல்லை. யார்தான் எதிர்ப்பார்கள்? "பெண்களுக்கு எதிரான குற்றத்துக்குக் கடும் தண்டனை" என்ற வாசகத்துக்கு எதிரா கை தூக்கினால் அடுத்த தேர்தலில் டெபாசிட் தேறுமா?

ஆனா எனக்கு ஓட்டும் வேணாம், டெபாசிட்டும் வேணாம். தினமும் தாம்பரத்தில் லேடீஸ் கம்பார்ட்மெண்ட்டில் ஏறி வேலைக்குப் போய்விட்டு, ராத்திரி ஒன்பதரைக்கு நடைமேம்பாலம் ஏறி இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருகிறவள் நான். யாருக்காக இந்தச் சட்டம் என்று சொல்கிறார்களோ அந்த லிஸ்ட்டில் இருப்பவள். அந்த உரிமையில் கேட்கிறேன். பத்து வருஷம்னா பயப்படாதவன் பதினாலு வருஷம்னா பயந்துடுவானா?

என்னதான் மாத்தினாங்க?

வன்புணர்வுக்குக் குறைந்தபட்ச தண்டனை 10 வருஷம் என்று இருந்தது 14 ஆகிறது. போலீஸ்காரரோ அரசு ஊழியரோ செய்தால் குறைந்தது 20. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் ஆயுள் அல்லது தூக்கு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால், மத்திய சட்டப்படி அதிகபட்சம் 2 வருஷம் என்பது 3 முதல் 5 வருஷம் ஆகிறது. இன்னொரு மசோதாவில், போன், இணையம் வழியாகக் கொடுக்கிற தொல்லையும் துன்புறுத்தல்தான் என்று விரித்து எழுதியிருக்கிறார்கள். தொல்லை கொடுப்பவன் கிட்டே வராமல் தடுக்கும் பாதுகாப்பு உத்தரவுக்கும் வழி செய்திருக்கிறார்கள்.

கடைசியில் சொன்ன இரண்டும் நல்ல விஷயம். பாராட்டுகிறேன். குற்றம் நடந்து முடிந்த பிறகு அல்ல, நடப்பதற்கு முன்னாடியே ஒருத்தியைக் காப்பாற்றக்கூடியவை அவை. ஆனா மேடையில் பேசப்பட்டதும், பேப்பரில் தலைப்பானதும் அவை இல்லை. பதினாலும் தூக்கும்தான்.

இந்த நம்பர் ஏறுவது இது முதல் முறையும் இல்லை. 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் வன்புணர்வுக்குக் குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாது. மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்து, நாடே கொந்தளித்த பிறகு 1983இல் ஏழு வருஷம் என்று வந்தது. தில்லி பேருந்துக் கொடுமைக்குப் பிறகு 2013இல் சட்டம் இன்னும் இறுகியது. கதுவா சம்பவத்துக்குப் பிறகு 2018இல் ஏழு பத்தாச்சு. அண்ணா பல்கலைக்கழக சம்பவத்துக்குப் பிறகு 2025இல் இங்கே பத்து பதினாலாச்சு. ஒவ்வொரு கொடுமைக்கும் ஒரு ரேட் உயர்வு. பஸ் டிக்கெட் மாதிரி. ஒவ்வொரு தடவையும் "இனி எவனுக்கும் தைரியம் வராது" என்றுதான் சொன்னார்கள்.

2013 திருத்தத்துக்கு அடிப்படை நீதிபதி வர்மா கமிட்டி அறிக்கை. 29 நாளில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாரும் தூக்கு தூக்கு என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில், வன்புணர்வுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று எழுதிய அறிக்கை அது. போலீஸைச் சீர்திருத்து, பெண்களை நடத்துகிற விதத்தை மாற்று என்று பக்கம் பக்கமா எழுதினார்கள். அரசாங்கம் என்ன செய்தது? சீர்திருத்தத்தை ஓரமா வைத்துவிட்டு, வேண்டாம் என்று சொன்ன தூக்கை சில வகைக் குற்றங்களுக்குச் சேர்த்துக்கொண்டது. ஏன்? அதுதான் செலவில்லாத ஐட்டம்.

பழைய சட்டம் பத்தலையா?

இந்தத் திருத்தத்துக்குக் காரணமான வழக்கையே எடுத்துக்குவோம். 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. மறுநாள் எஃப்.ஐ.ஆர். அதுக்கப்புறம் என்ன கூத்து நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும், கீழே வருகிறேன். டிசம்பர் 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் வழக்கைக் கொடுத்தது. 2025 மே 28ஆம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் ஞானசேகரன் குற்றவாளி என்று தீர்ப்பு சொன்னது. பதினோரு குற்றச்சாட்டும் நிரூபணம். ஜூன் 2ஆம் தேதி தண்டனை: ஆயுள், அதிலும் 30 வருஷத்துக்குக் குறையாமல், தண்டனைக் குறைப்பு எதுவும் இல்லாமல்.

அஞ்சே மாசம். முப்பது வருஷம். எந்தச் சட்டத்தில்? பழைய பத்து வருஷக் கணக்கிலேயே. குற்றம் நடந்த பிறகு வந்த அதிகத் தண்டனையை அந்தக் குற்றத்துக்குப் போட அரசியல் சாசனம் 20(1) இடம் கொடுக்காது. ஆக, ஜனவரித் திருத்தத்துக்கும் இந்த முப்பது வருஷத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "பத்துக்குக் குறையாமல், ஆயுள் வரை" என்று இருந்த சட்டமே தாராளமாப் போதுமானதா இருந்தது.

அப்ப எது வேலை செஞ்சது? உயர் நீதிமன்றம் கண் கொத்திப் பாம்பா பார்த்துக்கொண்டிருந்தது. விசாரிக்க நல்ல அதிகாரிகள் கிடைத்தார்கள். தடயங்களை நேரத்துக்குச் சேகரித்தார்கள். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா இல்லாமல் நடந்தது. அவ்வளவுதான் ரகசியம். இது எல்லாப் பெண்ணுக்கும் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதுக்குத் திருத்தத்தில் பதில் இல்லை.

இன்னும் பக்கத்தில் வரேன். பரங்கிமலை ரயில் நிலையம், 2022 அக்டோபர் 13. கல்லூரி மாணவி ஒருத்தியை ஓடுகிற ரயில் முன்னாடி தள்ளிக் கொன்றான் ஒருத்தன். நம்ம லைனில் போகிற யாருக்கும் அந்த நாள் மறக்காது. 2024 டிசம்பர் 30ஆம் தேதி மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை கொடுத்தது. அதுவும் பழைய ஐ.பி.சி.யில்தான். தூக்கு வரைக்கும் போகிற சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது என்பதுக்கு இதுக்கு மேல் சாட்சி வேணுமா? அந்த வழக்கில் என் மண்டையைக் குடைவது தீர்ப்பு இல்லை. அவன் தொல்லை பற்றிக் கொலைக்கு முன்னாடியே போலீஸில் புகார் போயிருந்தது என்று அப்போதே பத்திரிகைகளில் வந்தது. சட்டம் காப்பாற்ற வேண்டியது அந்தப் புகார் வந்த அன்னிக்கு. இரண்டு வருஷம் கழிச்சு வந்த தூக்கு அவளுக்கு எதுக்கு?

2016 ஜூன் 24, நுங்கம்பாக்கம் ரயில் நிலையம். மகேந்திரா சிட்டி ஆபீசுக்குப் போகக் காத்திருந்த நம்ம மாதிரி ஒரு ஐ.டி. பெண். காலை நேரம், கூட்டமான நடைமேடை. ஸ்டேஷனில் ஒரு கேமரா கூட இல்லை. கைதானவர் சிறையிலேயே இறந்துபோனதால் அந்த வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அதில் தண்டனை பத்தா, பதினாலா, தூக்கா என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க?

வாசலிலேயே நிக்குது வழக்கு

இப்ப நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்றேன். என் டீமில் வேலை பார்க்கிற பொண்ணு, பெருங்களத்தூரில் இருந்தாள். மூணு வாரமா ஒருத்தன் ரயிலில் இருந்து இறங்கி அவள் தெரு முனை வரைக்கும் வருவான். பேச மாட்டான், தொட மாட்டான். பின்னாடியே வருவான். ஒருநாள் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அன்னிக்கு ராத்திரி அவள் தூங்கவில்லை. மறுநாள் நான் துணைக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை, தெற்குப் புறநகரில் ஒன்று.

"ட்ரெயின்ல வர்றானா? அப்ப ரயில்வே போலீஸ்ல குடும்மா."

அங்கே போனோம். "தெருவுலதானே ஃபாலோ பண்றான்? அது லோக்கல் லிமிட்டு."

திரும்ப முதல் இடம். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு எழுதி வாங்கினார்கள். "எஃப்.ஐ.ஆர். எல்லாம் எதுக்கும்மா? கோர்ட்டுக்கு அலையணும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன சொல்லுவே?" அக்கறையாகத்தான் கேட்டார் அந்த ஏட்டையா. கையில் கொடுத்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. பத்து நாள் கழித்து, "கூப்பிட்டு மிரட்டி எழுதி வாங்கிட்டோம், இனிமே வரமாட்டான்" என்றார்கள். அவன் வந்தான். அவள் ஊரை மாத்திக்கொண்டு ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

தமிழ்நாட்டில் ஸ்டேஷன் பக்கம் போன எல்லாருக்கும் இந்த சி.எஸ்.ஆர். தெரியும். போன் தொலைந்தாலும் சி.எஸ்.ஆர்., பொண்ணு பின்னாடி ஒருத்தன் சுத்தினாலும் சி.எஸ்.ஆர். "உன் புகார் எங்ககிட்ட இருக்கு" என்பதற்கான சீட்டு அது. எஃப்.ஐ.ஆர். இல்லாததால் வழக்கு இல்லை. வழக்கு இல்லாததால் புள்ளிவிவரத்தில் குற்றம் இல்லை. எவ்வளவு அழகு பாருங்க!

இத்தனைக்கும் சட்டம் தெளிவா இருக்கு. கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் சொல்லிவிட்டது. எங்க நடந்ததா இருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர்., என்று புது நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவிலேயே இருக்கு. "லிமிட்" என்ற வார்த்தைக்கே இடமில்லை. ஆனா தாம்பரத்தில் நடைமேடை ஒரு லிமிட், மேம்பாலத்துக்குக் கீழே இன்னொரு லிமிட்.

என் சின்னக் கணக்கு இதுதான். குற்றவாளிக்கு வரும் பயம் = மாட்டுவோம் என்கிற நிச்சயம் × தண்டனை. நம்ம ஆளுங்க இரண்டாவது எண்ணை மட்டும் ஏத்திக்கிட்டே இருக்காங்க. முதல் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பத்தால் பெருக்கினாலும் பதினாலால் பெருக்கினாலும் விடை என்ன? எட்டாம் கிளாஸ் பையனைக் கேளுங்க, சொல்லுவான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் வன்புணர்வு வழக்குகளில் தண்டனை கிடைத்த விகிதம் நூற்றுக்கு முப்பது கூட இல்லை. இது கோர்ட் வரைக்கும் வந்து முடிந்த வழக்குகளின் கணக்கு மட்டும். பெஞ்சிலேயே முடிந்துபோன புகார்கள் இதில் கிடையாது. திருத்தம் நிறைவேறி ஒரு மாசம் கூட ஆகவில்லை, 2025 பிப்ரவரி தொடக்கத்தில் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த 18 வயசுப் பெண்ணை ஆட்டோவில் கடத்திக்கொண்டு போனார்கள். அவனுங்க சட்டசபை நடவடிக்கைக் குறிப்பைப் படிக்கவில்லை போலிருக்கு.

நம்பர் மாத்தினா கோளாறும் வரும்

இப்ப எஃப்.ஐ.ஆர். கசிந்த கூத்து. இது என் ஏரியா, கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

2016இல் உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏத்தணும், பாலியல் குற்றம் மாதிரி உணர்வுபூர்வமானவை மட்டும் விலக்கு என்று உத்தரவு போட்டது. அதனால் போலீஸின் சி.சி.டி.என்.எஸ். மென்பொருள் சில பிரிவுகளில் பதிவாகும் எஃப்.ஐ.ஆர்.களைத் தானாகவே பூட்டிவிடும். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் அந்தப் பூட்டு விழவில்லை. அந்தப் பொண்ணோட விவரம் ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் சுத்தியது. காரணம் கேட்டபோது தேசிய தகவலியல் மையம் சொன்ன விளக்கம்: ஐ.பி.சி.யிலிருந்து பி.என்.எஸ்.சுக்கு மாறும்போது ஏற்பட்ட தொழில்நுட்பச் சிக்கலாக இருக்கலாம்.

பொட்டி தட்டுகிற மக்களே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வெளியே இருந்து பார்க்கிற என் ஊகம்தான், ஆனா இந்த வாசனை நமக்குப் பழக்கம். 376 என்றால் பூட்டு என்று ஒரு பட்டியல் இருந்திருக்கும். புதுச் சட்டத்தில் 376 என்பது 64 ஆனது. 354ஏ என்பது 75, 354டி என்பது 78. எல்லாப் பட்டியலிலும் இந்தப் புது எண்களைச் சேர்த்து, சோதித்துப் பார்த்து, அப்புறம்தான் லைவுக்குப் போகணும். ஜூலை 1ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. டிசம்பர் 24ஆம் தேதி எஃப்.ஐ.ஆர். நடுவில் கிட்டத்தட்ட ஆறு மாசம்!

ஐ.பி.சி.யின் 511 பிரிவுகளை 358 ஆகக் குறுக்கி, பெரும்பாலான விஷயம் அப்படியே இருக்க, எண்களை மட்டும் குலுக்கிப் போட்டார்கள். 420 என்று திட்டுவதற்குக் கூட இனிமேல் 318 என்று சொல்லணும் என்று நாம சிரித்தோம். ஆனா அந்தக் குலுக்கலுக்கு விலை கொடுத்தது ஒரு பத்தொன்பது இருபது வயசு வகுப்புத் தோழிகள் நடுவில் தலை நிமிர்ந்து நடக்கவேண்டிய ஒரு பொண்ணு. பத்தாததுக்கு, அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவளைக் குறை சொல்வது போல இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்தது. அவளுக்கு இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. கொடுக்கச் சொன்னது தமிழ்நாடு அரசை.

இதுக்கு ஜனவரித் திருத்தத்தின் பதில்? அடையாளத்தை வெளியிட்டால் 3 முதல் 5 வருஷம். சரிங்க, சர்வர் வெளியிட்டால் யாரை உள்ளே வைப்பீங்க? சர்வரையா?

இருபத்திநாலு மணி நேரத்தில் ஒரு சட்டம்

இதில் எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம் இது. 2023 டிசம்பரில் மூன்று குற்றவியல் சட்டங்களையும் 146 எம்.பி.க்களை சஸ்பெண்ட் செய்துவிட்டு மத்திய அரசு நிறைவேற்றியது. மாநிலங்களை ஒழுங்காகக் கலக்கவில்லை, விவாதம் இல்லை, பேரையும் இந்தியில் வைத்தாய் என்று தமிழ்நாடு சண்டை போட்டது. நியாயமான சண்டை. வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். 2024 ஜூலை 8ஆம் தேதி, மாநிலத் திருத்தம் என்னென்ன வேணும் என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்யநாராயணன் தலைமையில் ஒருநபர் கமிட்டி போட்டார்கள். ஒரு மாசத்தில் அறிக்கை என்றார்கள். வழக்கறிஞர் சங்கங்களையும் கலந்து பேசச் சொன்னார்கள். அட, இதுதானே முறை என்று சந்தோஷப்பட்டேன்.

ஆறு மாசம் கழித்து, ஊரே கோபத்தில் இருந்த நேரத்தில், வெள்ளிக்கிழமை தாக்கல் செய்து சனிக்கிழமை நிறைவேற்றினார்கள். டெல்லி செய்தால் அவசரக் கோலம், சென்னை செய்தால் அதிரடியா? அரசு கட்சி எது என்பது எனக்கு முக்கியமில்லை. நாளைக்கு யார் வந்தாலும் இதையேதான் செய்வார்கள். ஏன்னா 24 மணி நேரத்தில் செய்யக்கூடியது நம்பர் மாத்துவது ஒன்றுதான்.

அதிலும் ஒரு முட்டுக்கட்டை. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் வருகிறது. மத்திய சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் செல்லுபடியாக, 254(2) படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேணும். ஆந்திரா 2019 டிசம்பரில் "திசா" மசோதா நிறைவேற்றி நாடு முழுக்கக் கைத்தட்டல் வாங்கியது. ஒப்புதல் வரவே இல்லை. மேற்கு வங்கம் 2024 செப்டம்பரில் "அபராஜிதா" மசோதா நிறைவேற்றியது. அதுவும் 2025இல் ஆட்சேபணையோடு திரும்பி வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டுப் பொண்ணு தேடுவது மாதிரி.

ஆனா போலீஸ் மாநிலப் பட்டியல். அதில் எவன் கையெழுத்தும் வேண்டாம். தாம்பரம் கமிஷனரேட் 2022 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கியதே, யாரைக் கேட்டோம்? நம்மால் முடிகிறதைச் செய்யாமல், டெல்லி கையெழுத்து போடவேண்டியதை மட்டும் ஏன் ஆர்வமா செய்கிறோம் என்று யோசிச்சுப் பாருங்க.

"அப்ப குற்றவாளிக்கு வக்காலத்தா?"

வரும், இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். இல்லீங்க. நிரூபணமானவன் முப்பது வருஷம் உள்ளே இருக்கட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் பேசுவது நிரூபணமாகாமல் போகிறவனைப் பற்றி.

இன்னொன்று. ஆண்டுக்கு ஆண்டு அதே தேசிய குற்ற ஆவணக் கணக்கு சொல்வது, நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வன்புணர்வு வழக்குகளில் செய்தவன் தெரிந்தவன். மாமா, பக்கத்து வீட்டுக்காரன், வாத்தியார், காதலிப்பதாகச் சொன்னவன். சித்தப்பாவைத் தூக்கில் போடுவார்கள் என்றால் அந்த வீட்டில் எத்தனை பேர் அந்தக் குழந்தையைப் புகார் கொடுக்க விடுவார்கள்? "குடும்பத்தையே அழிச்சிட்டியேடி" என்ற பழி யார் தலையில் விழும்? உயிரோடு விட்டாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால் சாட்சியை எதுக்கு உயிரோடு விடுவான்? ஆவேசத்தில் எழுதுகிற சட்டம் இதையெல்லாம் யோசிக்காது.

சரி, என்னதான் செய்யணும்?

குறை மட்டும் சொல்லிட்டுப் போறது சுலபம். என் பட்டியல் இது.

1. டெல்லிக்குத் திருத்தம் அனுப்பித்தான் ஆகணும் என்றால் இதை அனுப்புங்க. பி.என்.எஸ். 199ஆம் பிரிவு, சில பாலியல் குற்றங்களில் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்கு 6 மாசம் முதல் 2 வருஷம் ஜெயில் என்கிறது. அருமை. ஆனா அந்தக் குற்றங்களின் பட்டியலில் பின்தொடர்தலுக்கான 78 இல்லை, பாலியல் தொல்லைக்கான 75உம் இல்லை. பரங்கிமலையும் நுங்கம்பாக்கமும் எங்கிருந்து ஆரம்பித்தன? பின்தொடர்தலில் இருந்துதானே? இந்த இரண்டு எண்களைச் சேருங்க. நம்பர்தானே மாத்தணும், உங்களுக்குப் பிடிச்ச வேலைதானே.

2. புது நடைமுறைச் சட்டம் 173(3), மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, மேலதிகாரி அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்கிறது. பின்தொடர்தல் இந்த வலைக்குள் வருகிறது. சி.எஸ்.ஆர். பழக்கத்துக்குச் சட்டமே போட்டுக் கொடுத்த பாய் இது. பெண்களுக்கு எதிரான குற்றங்களை இதிலிருந்து விலக்குங்க.

3. இனி வருவதுக்கு டெல்லி தேவையில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாசா மாசம் பெண்கள் கொடுத்த புகார் எத்தனை, அதில் சி.எஸ்.ஆர். எத்தனை, எஃப்.ஐ.ஆர். எத்தனை, குற்றப்பத்திரிகைக்கு எத்தனை நாள் ஆச்சு என்று பேர் விவரம் இல்லாமல், வெறும் எண்ணிக்கையை வெளியிடுங்க. சேலையூர் எவ்வளவு, வண்டலூர் எவ்வளவு என்று நாங்க பார்த்துக்கிறோம்.

4. ரயில்வே போலீஸும் தமிழ்நாடு போலீஸ்தான். ஆர்.பி.எஃப். மட்டும்தான் மத்திய அரசு. ஒரே துறைக்குள் ஒரு பொண்ணை இரண்டு வாசலுக்கு அலையவிடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட எத்தனை நாள் ஆகும்?

5. ஏழு வருஷமும் அதுக்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்தே ஆகணும் என்று 176(3) சொல்கிறது. தயாராவதற்கு மாநிலங்களுக்கு ஐந்து வருஷம் அவகாசம். கணக்குப் பார்த்தால் 2029 ஜூலை. அதுக்குள் ஆள், வண்டி, ஆய்வகம் எல்லாம் வேணும். பதினாலு வருஷத்துக்குச் செலவழிக்காத காசை இதுக்குச் செலவழிங்க.

6. சட்டத்தில் ஒரு எண் மாறினாலும், அது மென்பொருளில் எங்கெல்லாம் மாறணும் என்று சோதித்துக் கையெழுத்துப் போட ஒரு அதிகாரி வேணும். கசிந்தால் பதில் சொல்லவேண்டிய ஆளும் அவரேதான்.

1998இல் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருத்தி ஈவ்டீசிங்கால் உயிரை விட்டபோது, அந்த மாசமே அவசரச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. இந்தியாவிலேயே முன்னோடி என்று பேர் வாங்கினோம். 2002இல் அதுக்குப் பேரை மாத்தினோம். 2012இல் உச்ச நீதிமன்றம் ஈவ்டீசிங்கைத் தடுக்க பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையங்களில் மஃப்டியில் பெண் போலீஸ் போடச் சொன்னது. 2025இல் தண்டனையைக் கூட்டினோம். இத்தனை வருஷத்தில் மாறாதது ஒன்றுதான். புகார் கொடுக்கப் போகிற பொண்ணு இன்னும் கூட ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் ஸ்டேஷன் படி ஏறுகிறாள்.

அவள் தனியா உள்ளே போய், அரை மணியில் எஃப்.ஐ.ஆர். நகலோடு வெளியே வருகிற நாளில் தண்டனை பத்து வருஷமா பதினாலா என்று சாவகாசமா பேசுவோம். அதுவரைக்கும் நம்பரைக் காட்டி ஏமாத்தாதீங்க சாமிகளா.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்லை. பிரிவு எண்களில் திருத்தம் இருந்தால் வக்கீல் நண்பர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்க, ஆதாரத்தோட.

டிஸ்கி 2: "ராத்திரி ஒன்பதரைக்கு உனக்கு அங்க என்ன வேலை" என்று கேட்க நினைப்பவர்களுக்கு: ஆணி நிறைய இருக்கு, புடுங்கிட்டு வர்றேன். கேள்வியை அவனைக் கேளுங்க :-)